கொசுறாக வந்தால் கொண்டாட்டம்; விலைக்கு வந்தால் திண்டாட்டம்!

காய்கறிச் சந்தைக்குப் போய் வருகிறவர்களுக்குக் கொசுறு என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. இரண்டு கிலோ காய் வாங்கினால் ஒரு பிடி கறிவேப்பிலையும் கொத்துமல்லியும் பையில் வந்து விழும். அது கொஞ்சம் வாடியிருந்தாலும் யாரும் சண்டை போடுவதில்லை. அதே கறிவேப்பிலைக்குத் தனியாகப் பத்து ரூபாய் என்று கடைக்காரர் சொல்லிவிட்டால் போதும். ஒவ்வோர் இலையையும் திருப்பித் திருப்பிப் பார்ப்போம்.

வீடியோ விளையாட்டு உலகத்திலும் இந்தக் கொசுறு விவகாரம் சுமார் 20 ஆண்டுகளாக நடந்து வருகிறது. புதிதாக ஒரு விளையாட்டுப் பெட்டி சந்தைக்கு வரும்போது, நாலு பேர் கூடிச் சிரித்து விளையாடுவதற்கென்று சின்னச் சின்ன விளையாட்டுகளின் தொகுப்பு ஒன்றும் கூடவே வருவது வழக்கம். புதிய பெட்டி என்னென்ன வித்தை செய்யும் என்று காட்டுவதற்காகவே இவற்றைத் தயாரிக்கிறார்கள். தொகுப்பு பெட்டியோடு இலவசமாக வந்தால் விமர்சகர்கள் தட்டிக்கொடுக்கிறார்கள். தனி விலைக்கு வந்தால் குட்டு வைக்கிறார்கள்.

இதில் நமக்கு என்ன வந்தது என்று சிலர் கேட்கலாம். பண்டிகைக்குப் பிள்ளைகள் கேட்கும் பொருள்களில் இன்று வீடியோ விளையாட்டுப் பெட்டியும் சேர்ந்துவிட்டது. குமாஸ்தா சம்பளத்திலும் தொழிலாளி சம்பளத்திலும் அது பெரிய துண்டு விழ வைக்கும் பொருள். வாங்கும் முன் நாலு விமர்சனம் படிக்கிறோம், 100-க்கு இத்தனை மார்க் என்று போட்டிருப்பதைப் பார்க்கிறோம், முடிவு செய்கிறோம். அந்த மார்க் எதற்குப் போட்ட மார்க் என்பது தெரிந்தால்தானே காசு வீணாகாமல் இருக்கும்?

28 விளையாட்டு, 50 டாலர்

2017 மார்ச் 3-ஆம் தேதி ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 'ஸ்விட்ச்' என்ற புதிய பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் விலை 300 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் 20,000 ரூபாய். அதே நாளில் 'ஒன்-டூ-ஸ்விட்ச்' என்ற தொகுப்பும் கடைக்கு வந்தது. உள்ளே 28 சிறு விளையாட்டுகள். விலை 50 டாலர்; அதாவது 3,300 ரூபாய்க்குப் பக்கம்.

ஸ்விட்ச் பெட்டியின் விசேஷம் அதன் இரண்டு கைப்பிடிகள். 'ஜாய்-கான்' என்று பெயர். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவு. ஆனால் உள்ளே இருக்கும் சமாசாரம் கொஞ்சநஞ்சமல்ல. கை எந்தப் பக்கம் அசைகிறது, எவ்வளவு வேகமாக அசைகிறது, எவ்வளவு சாய்கிறது என்பதையெல்லாம் அது உணரும். வலது கைப்பிடியில் அகச்சிவப்புக் கதிரில் பார்க்கும் சின்னக் காமிராவும் உண்டு. எல்லாவற்றிலும் நுட்பமானது அதன் அதிர்வு. வழக்கமான 'டுர்ர்' என்ற ஒரே மாதிரி நடுக்கமல்ல அது. கைக்குள் ஒரு கோலி உருண்டு ஓரத்தில் இடித்தால் எப்படி இருக்குமோ, அப்படியே உணர வைக்கும்.

இந்த வித்தைகளையெல்லாம் காட்டத்தான் ஒன்-டூ-ஸ்விட்ச் பிறந்தது.

திரையைப் பார்க்காதே!

டெலிவிஷன் திரையைப் பார்த்துத்தான் வீடியோ விளையாட்டு ஆடுவார்கள். ஒன்-டூ-ஸ்விட்ச் அதைத் தலைகீழாக்கியது. திரையைப் பார்க்காதே, எதிரே நிற்கிறவன் கண்ணைப் பார் என்றது.

துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் இரண்டு பேர் எதிரும் புதிருமாக நிற்க வேண்டும். கைப்பிடியை இடுப்போரம் தொங்கவிட வேண்டும். 'சுடு' என்று குரல் வந்ததும் யார் முதலில் கையை உயர்த்திச் சுடுகிறாரோ அவருக்கு வெற்றி. கௌபாய் படங்களில் வரும் கடைசிக் காட்சிதான். திரையில் பார்க்க ஒன்றுமே இல்லை.

கோலி எண்ணும் விளையாட்டு இன்னும் விசித்திரம். கைப்பிடியை ஒரு பெட்டி போலப் பாவித்து மெல்லச் சாய்த்து, உள்ளே எத்தனை கோலிகள் உருளுகின்றன என்று அதிர்வை வைத்தே சொல்ல வேண்டும். உள்ளே கோலியே கிடையாது! ஆனால் கை சத்தியம் செய்யும், உள்ளே கோலி இருக்கிறது என்று. தொகுப்பைக் குறை சொன்ன விமர்சகர்கள்கூட இந்த ஒன்றுக்கு வியந்தார்கள்.

பூட்டின் சக்கரத்தை மெல்லத் திருப்பி, எந்த இடத்தில் 'டிக்' என்று கைக்குத் தட்டுப்படுகிறது என்று பார்த்து இரும்புப் பெட்டியைத் திறப்பது ஒரு விளையாட்டு. ஒருவர் வாள் வீசுவது போல் கையை இறக்க, மற்றவர் இரு உள்ளங்கைகளையும் சேர்த்து அந்த இல்லாத வாளைப் பிடிப்பது இன்னொன்று. காமிராவுக்கு எதிரே வாயைத் திறந்து மூடி, யார் அதிகம் சாப்பிடுகிறார் என்ற போட்டியும் உண்டு. பெட்டியையே குழந்தையாக எண்ணிக் கையில் ஏந்தித் தாலாட்டித் தூங்க வைக்கும் விளையாட்டும் உண்டு.

பால் கறந்த கதை

அத்தனையிலும் அதிகம் பேசப்பட்டது பால் கறக்கும் விளையாட்டு. இருவர் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் கண்ணோடு கண் பார்த்தபடி, கைப்பிடியைப் பசுவின் காம்பாக நினைத்து மேலிருந்து கீழே இழுத்துக் கறக்க வேண்டும். யார் அதிகம் கறக்கிறாரோ அவர் ஜெயித்தார். 2017 ஜனவரியில் டோக்கியோவில் பெட்டியை அறிமுகப்படுத்தியபோதே இது கேலிக்கும் சிரிப்புக்கும் இலக்காகிவிட்டது.

அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்திலுள்ள ஒரு பால் பண்ணை, 'நிஜப் பசுவைக் கறக்க வருகிறீர்களா?' என்று நிறுவனத்துக்குச் சவால் விட்டது. நிறுவனத்தின் ஆட்களும் சளைக்காமல் அங்கே போய்ப் பசுவின் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பட்டிக்காட்டில் பிறந்து பட்டணத்துக்கு வந்து சேர்ந்த நம்மவர்கள் யாரேனும் அங்கே இருந்திருந்தால், நல்ல வேடிக்கையாக இருந்திருக்கும்!

விமர்சகர்கள் சொன்ன தீர்ப்பு

வெளிநாட்டு விமர்சனங்களைத் தொகுத்துச் சராசரி போட்டுச் சொல்லும் 'மெடாகிரிடிக்' என்ற இணையதளம் உண்டு. 2001 முதல் நடந்து வருகிறது. பத்திரிகைகள் ஒரு விளையாட்டுக்குக் கொடுக்கும் மார்க்குகளைச் சேர்த்து, 100-க்கு இத்தனை என்று ஒரே எண்ணில் சொல்லிவிடும். 75-க்கு மேல் போனால் பச்சை நிறம், 50-க்குக் கீழே போனால் சிவப்பு, நடுவில் மஞ்சள்.

ஒன்-டூ-ஸ்விட்ச்சுக்குக் கிடைத்தது 60-க்கும் குறைவு. இதில் இன்னொரு துரதிர்ஷ்டமும் சேர்ந்துகொண்டது. அதே நாளில், அதே பெட்டிக்கு, 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா' வரிசையில் ஒரு பெரிய சாகச விளையாட்டும் வெளிவந்தது. அதற்கு 97! பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் தொங்கவிட்ட கைத்தறித் துண்டு போல ஆகிவிட்டது நம்முடைய தொகுப்பின் நிலை.

விமர்சகர்கள் சொன்ன குறைகளை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, விலை. இது முழு விளையாட்டே அல்ல, பெட்டியின் திறமையைக் காட்டும் மாதிரிச் சரக்கு. மாதிரிச் சரக்குக்கு யாராவது 50 டாலர் வாங்குவார்களா, பெட்டியோடு சும்மா கொடுத்திருக்க வேண்டாமா என்று பலரும் கேட்டார்கள்.

இரண்டாவது, ஆழமில்லை. பெரும்பாலான விளையாட்டுகள் ஓரிரு நிமிஷத்தில் முடிந்துவிடும். முதல் முறை சிரிப்பு. இரண்டாம் முறை புன்னகை. மூன்றாம் முறை கொட்டாவி.

மூன்றாவது, பெரும்பாலானவை இரண்டு பேருக்கானவை. விருந்துக்கான விளையாட்டு என்று பெயர். ஆனால் எட்டுப் பேர் கூடியிருந்தால் ஆறு பேர் தங்கள் முறை வரும் வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கூட்டத்தை அணி பிரித்து ஆடவும் வழி வைத்திருந்தார்கள். ஆனாலும் ஒரு நேரத்தில் ஆடுவது பெரும்பாலும் இருவர்தான்.

நான்காவது, தனியாக இருப்பவருக்கு இதில் அநேகமாக ஒன்றுமே இல்லை.

ஒன்று கவனிக்க வேண்டும். இந்த நான்கில் 'விளையாடிப் பார்த்தேன், சிரிப்பே வரவில்லை' என்ற குறை முக்கியமாக இல்லை. சிரிப்பு வந்தது என்று பலரும் ஒப்புக்கொண்டார்கள். சிரிப்புக்குச் சொன்ன விலைதான் அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

அண்ணன் கதை

இப்போது பத்து ஆண்டுகள் பின்னால் போவோம். 2006 நவம்பர். அதே நிண்டெண்டோ, 'வீ' என்ற பெட்டியை அமெரிக்காவில் இறக்கியது. விலை 250 டாலர். அதோடு 'வீ ஸ்போர்ட்ஸ்' என்ற தொகுப்பைப் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கொடுத்தது. டென்னிஸ், பேஸ்பால், பௌலிங், கோல்ஃப், குத்துச்சண்டை என்று ஐந்தே விளையாட்டு. 28 அல்ல, ஐந்து!

டெலிவிஷன் ரிமோட் போன்ற ஒரு கைப்பிடியைக் கையில் பிடித்து, பந்தை அடிப்பது போல வீசினால், திரையிலுள்ள பொம்மை பந்தை அடிக்கும். அவ்வளவுதான். திரையில் வரும் ஆட்களுக்குச் சரியான கை கால்கூடக் கிடையாது. படங்கள் எளிமை, ஆழம் குறைவு என்று அன்றைக்கும் விமர்சகர்கள் சொன்னார்கள். இருந்தும் சராசரி 76 வந்துவிட்டது. பச்சை நிறம்.

ஏன்? பெட்டியோடு வந்ததை இன்னும் கொஞ்சம் நன்றாகச் செய்திருக்கலாமே என்று எவ்வளவு தூரம்தான் கோபிக்க முடியும்? கொசுறுக் கறிவேப்பிலை!

மக்கள் கொடுத்த தீர்ப்போ இன்னும் பெரிது. வீ ஸ்போர்ட்ஸ் உலகம் முழுதும் 8 கோடியே 20 லட்சத்துக்கு மேல் போய்ச் சேர்ந்தது. பெட்டி 10 கோடிக்கு மேல் விற்றது. அமெரிக்காவின் முதியோர் இல்லங்களில் தாத்தா, பாட்டிமார் ரிமோட்டை வைத்துக்கொண்டு பௌலிங் போட்டி நடத்தினார்கள். நடக்கச் சிரமப்படுகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பந்து உருட்டினார்கள். நியூயார்க் மாநிலம் ராச்செஸ்டர் நகரிலுள்ள விளையாட்டு அருங்காட்சியகம், 2023-இல் இதை உலக வீடியோ விளையாட்டுப் புகழ் மண்டபத்தில் சேர்த்துக்கொண்டது.

கொடுப்பதா, விற்பதா?

இந்தக் கொசுறு சுலபமாக வந்துவிடவில்லை. அதன் பின்னே நிறுவனத்துக்குள்ளேயே பெரிய வாக்குவாதம் நடந்தது. அப்போது நிண்டெண்டோவின் அமெரிக்கக் கிளைக்குத் தலைமை வகித்த ரெஜி ஃபிஸ்-ஏமே 2022-இல் வெளியிட்ட தம் நூலில் இதை விவரித்திருக்கிறார். வீ ஸ்போர்ட்ஸைப் பெட்டியோடு கொடுத்தால்தான் புதிய பெட்டி என்னவென்று ஜனங்களுக்குப் புரியும் என்பது அவர் கட்சி. தலைவர் சட்டோரு இவாட்டாவும், விளையாட்டுகளை உருவாக்குவதில் பெயர்பெற்ற ஷிகேரு மியாமோட்டோவும் முதலில் ஒப்பவில்லை. உயிரைக் கொடுத்து உருவாக்கிய சரக்கை இனாமாகத் தருவதா என்று மியாமோட்டோ கோபமே கொண்டாராம்.

அவர்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. இனாமாக வருவதை மனிதர்கள் மதிப்பதில்லை என்பது அனுபவசாலிகள் அறிந்ததுதான். கடைசியில் ஜப்பானில் ஒரு வழி, மேல்நாடுகளில் ஒரு வழி என்று முடிவாயிற்று. ஜப்பானில் வீ ஸ்போர்ட்ஸ் தனி விலைக்கே விற்றது. அங்கேயும் 30 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் காசு கொடுத்து வாங்கினார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. ஆகவே, இலவசம் என்பதால் மட்டும் அது ஜெயித்தது என்று சொல்லிவிட முடியாது. சரக்கும் நன்றாக இருந்தது.

பத்து டாலர் மர்மம்

அதே காலத்தில் வந்த 'வீ ப்ளே' என்ற இன்னொரு தொகுப்பின் கதை இதைவிட ருசியானது. மீன் பிடிப்பது, மேஜைப் பந்தாட்டம், பில்லியர்ட்ஸ் என்று ஒன்பது சிறு விளையாட்டுகள். விமர்சகர்கள் இதற்கும் 60-க்குக் கீழேதான் மார்க் போட்டார்கள். ஒன்-டூ-ஸ்விட்ச்சுக்குக் கிடைத்த அதே மஞ்சள் நிறம்.

ஆனால் விற்பனை எவ்வளவு தெரியுமா? சுமார் 2 கோடியே 80 லட்சம்!

மர்மம் இதுதான். அமெரிக்காவில் வீ ப்ளே 50 டாலர். அந்த 50 டாலருக்கு விளையாட்டோடு ஒரு ரிமோட்டும் கிடைத்தது. ரிமோட் தனியாக வாங்கினால் 40 டாலர். இரண்டாவது ஆள் விளையாட எப்படியும் இன்னொரு ரிமோட் வேண்டும். ஆகவே, ரிமோட் வாங்கப் போனவர்கள், மேலே பத்து டாலர் போட்டால் ஒன்பது விளையாட்டு வருகிறதே என்று இதை எடுத்துக்கொண்டு வந்தார்கள். விமர்சகர் எடை போட்டது ஒன்பது விளையாட்டுகளை. வாங்கியவர் எடை போட்டது பத்து டாலரை. இரண்டு தராசும் வேறு வேறு.

ஒன்-டூ-ஸ்விட்ச்சும் முற்றிலும் விற்காமல் போய்விடவில்லை. முதல் ஆண்டு முடிவில், 2018 மார்ச் வாக்கில், 20 லட்சத்தைத் தாண்டியது. அதற்குள் ஸ்விட்ச் பெட்டி 1 கோடியே 70 லட்சத்துக்கு மேல் விற்றிருந்தது. பெட்டி வாங்கியவர்களில் ஏறத்தாழ எட்டுப் பேரில் ஒருவர் இதையும் வாங்கினார் என்று கணக்கு. எல்லார் பெட்டியிலும் வைத்துக் கொடுத்திருந்தால் அந்தக் கோலி விளையாட்டை வீட்டுக்கு வந்த விருந்தாளிகளெல்லாம் ஆடிப் பார்த்திருப்பார்கள். எட்டு வீட்டில் ஏழு வீட்டுக்கு அது போய்ச் சேரவே இல்லை.

கொசுறும் கைவிட்டது

அப்படியானால் எல்லாவற்றையும் இனாமாகக் கொடுத்துவிட்டால் வெற்றி நிச்சயமா? அதுவும் இல்லை.

2012 நவம்பரில் அதே நிறுவனம் 'வீ யூ' என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. உயர்ந்த விலைப் பெட்டியோடு 'நிண்டெண்டோ லேண்ட்' என்ற தொகுப்பு இலவசம். 12 விளையாட்டுகள். ஒருவர் கையில் மட்டும் தனித் திரை இருக்கும். மற்றவர்கள் டெலிவிஷனைப் பார்த்து அவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். நம் ஊர்க் கண்ணாமூச்சியேதான். ஒளிகிறவருக்கு எல்லாரும் எங்கே என்று தெரியும். தேடுகிறவர்களுக்கு அவர் எங்கே என்று தெரியாது. விமர்சகர்கள் 77 கொடுத்தார்கள். வீ ஸ்போர்ட்ஸைவிட ஒரு மார்க் அதிகம்!

ஆனால் பெட்டி விற்கவில்லை. அதன் ஆயுள் முழுதும் சேர்த்து 1 கோடியே 35 லட்சம்தான். அந்தத் தொகுப்பை விளக்க ஐந்து நிமிஷமாவது பிடிக்கும். வீ ஸ்போர்ட்ஸை விளக்க ஒரு வார்த்தை போதும்: 'வீசு!' பாட்டிக்கும் பேரனுக்கும் ஒரே நேரத்தில் புரிந்தால்தான் நாலு பேர் விளையாட்டு நடக்கும். 77 மார்க்கில் அந்த ஐந்து நிமிஷம் கணக்கில் வரவில்லை.

மார்க்கில் வராத கொப்புளம்

நல்ல மார்க் வாங்கிய விளையாட்டு வீட்டுக்கு வந்து வேறு விதமாக நடந்துகொண்ட கதையும் உண்டு. 1998 டிசம்பரில் ஜப்பானில் 'மாரியோ பார்ட்டி' வெளிவந்தது. நாலு பேர் தாயக்கட்டம் போல் காய் நகர்த்தி, நடுநடுவே சிறு விளையாட்டு ஆடும் தொகுப்பு. இந்த வகைக்கே மூத்தது என்று சொல்லலாம். விமர்சகர்கள் வரவேற்றார்கள்.

அதில் சில விளையாட்டுகளில் கைப்பிடியின் நடுக் குச்சியை எவ்வளவு வேகமாகச் சுழற்ற முடியுமோ அவ்வளவு வேகமாகச் சுழற்ற வேண்டும். பிள்ளைகள் கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையை வைத்துத் தேய்த்தார்கள். கையில் கொப்புளம் கிளம்பியது, தோல் உரிந்தது. விஷயம் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் வரை போயிற்று. 2000-ஆம் ஆண்டில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, பாதிக்கப்பட்டவர்களுக்குக் கையுறை கொடுக்க நிறுவனம் முன்வந்தது. 2022-இல் அதே விளையாட்டை ஸ்விட்ச் பெட்டிக்கு மறுபடி வெளியிட்டபோது, உள்ளங்கையால் குச்சியைச் சுழற்றாதீர்கள் என்ற எச்சரிக்கையும் சேர்ந்தே வந்தது.

விமர்சனம் எழுதியவர் பெரியவர். கட்டைவிரலால் ஆடியிருப்பார். வீட்டில் ஆடியது பத்து வயதுப் பையன். அவனுக்குத் தோற்கக் கூடாது. இந்த வித்தியாசம் எந்த மார்க்கிலும் ஏறாது.

விமர்சகரின் தராசு

இதற்காக விமர்சகர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. 60 மணி நேரம் ஓடும் சாகச விளையாட்டை ஒரு ஆள் தனியே உட்கார்ந்து ஆடி எடை போட்டுவிடலாம். அவர் கண்டதைத்தான் நாமும் காண்போம். நாலு பேர் விளையாட்டு அப்படியல்ல. அது பாதி தகட்டில் இருக்கிறது. மீதிப் பாதி கூடத்தில் உட்கார்ந்திருக்கும் ஆட்களிடம் இருக்கிறது. சீட்டுக்கட்டு ஒன்றுதான். சுவாரஸ்யமான கூட்டத்தில் விடிய விடிய ரம்மி ஓடும். சுரத்தில்லாத கூட்டத்தில் அரை மணியில் கட்டு மடிந்துவிடும். அந்தச் சீட்டுக்கட்டுக்கு 100-க்கு எத்தனை மார்க் போடுவது?

மேலும், விமர்சகர் காலக்கெடுவுக்குள் எழுதியாக வேண்டியவர். 28 விளையாட்டையும் ஒன்றன்பின் ஒன்றாக ஆடி முடிக்கிறார். விருந்துச் சாப்பாட்டின் 28 பதார்த்தங்களையும் ஒரே மூச்சில் சாப்பிட்டால் யாருக்கும் திகட்டத்தான் செய்யும். வீட்டில் அப்படி ஆடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தபோது இரண்டு, தீபாவளிக்கு மூன்று.

ஆனால் அவர்கள் சொன்ன விலைக் குற்றச்சாட்டு நியாயமானதே. வருஷத்தில் நாலு நாள் ஆடுவதற்கு 50 டாலர் என்பது சம்பளக்காரனுக்குக் கசக்கும். 'சிரிப்பு வருகிறது, ஆனால் இந்த விலைக்கு இல்லை' என்று அவர்கள் எழுதியது வாங்குகிறவர்களுக்குச் செய்த உபகாரம். அந்த வாக்கியத்தைப் படிக்காமல் எண்ணை மட்டும் பார்த்தவர், விளையாட்டே உதவாது என்று எண்ணிக்கொண்டிருப்பார்.

மறுபடியும் அதே வழக்கு

2023 ஜூன் 30-இல் 'எவ்ரிபடி ஒன்-டூ-ஸ்விட்ச்' என்ற தம்பி வந்தான். பழைய புகார்களுக்கெல்லாம் பதில் சொல்லும் எண்ணம் தெரிந்தது. விலை 30 டாலராக இறங்கியது. இருவர் விளையாட்டு என்ற குறை தீர, கையிலுள்ள செல்போனையே கைப்பிடியாக்கி 100 பேர் வரை சேரலாம் என்றார்கள். இருந்தும் விமர்சகர்கள் மனம் இளகவில்லை. விலையும் ஆளும் சரியாகி, விளையாட்டில் சுவை குறைந்துவிட்டது என்பதே பொதுவான தீர்ப்பு.

2025 ஜூன் 5-இல் 'ஸ்விட்ச் 2' வந்தது. விலை 450 டாலர். புதிய பெட்டியின் பாகங்களைச் சுற்றிக் காட்டி, நடுநடுவே சிறு விளையாட்டும் கேள்வி-பதிலும் வைத்து 'வெல்கம் டூர்' என்று ஒன்றைத் தயாரித்தார்கள். அதற்குத் தனியாக 10 டாலர் கேட்டார்கள். 450 டாலர் கொடுத்தவனிடம் பெட்டியைச் சுற்றிப் பார்க்க இன்னும் பத்து டாலர் நுழைவுச் சீட்டா என்று உலகெங்கும் முணுமுணுப்பு எழுந்தது. போட்டியாளரான ஸோனி நிறுவனம் 2020-இல் தன் 'பிளேஸ்டேஷன் 5' பெட்டிக்குள்ளேயே 'ஆஸ்ட்ரோஸ் ப்ளேரூம்' என்ற விளையாட்டை இனாமாக வைத்துப் புகழ் வாங்கியதைப் பலரும் எடுத்துக்காட்டினார்கள்.

வாங்கும் முன் நாலு கேள்வி

இவ்வளவு கதையிலிருந்தும் சம்பளத்தை எண்ணிச் செலவு செய்கிறவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? நாலு பேர் விளையாட்டுத் தொகுப்பின் விமர்சனத்தைப் படிக்கும்போது மார்க்கைக் கடைசியில் பாருங்கள். முதலில் இந்த நாலு கேள்விக்கு அதில் பதில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஒரே சமயத்தில் எத்தனை பேர் ஆடலாம்? இரண்டு பேர் விளையாட்டை ஆறு பேர் உள்ள வீட்டுக்கு வாங்கினால் சிரிப்புக்கு முன்னே சண்டை வரும்.

அத்தனை பேரும் ஆடக் கூடுதலாக என்ன வாங்க வேண்டும்? 2017-இல் ஸ்விட்ச் பெட்டி வந்தபோது இரண்டாவது ஜோடிக் கைப்பிடி அமெரிக்காவில் 80 டாலராக இருந்தது. விளையாட்டின் விலையைவிட அது அதிகம்! அட்டையில் போட்டிருக்கும் விலை முழு விலை அல்ல.

ஊரிலிருந்து வந்திருக்கும் தாயாருக்கு ஒரு நிமிஷத்தில் புரிய வைக்க முடியுமா? முடியாதென்றால் அது பிள்ளைகளின் விளையாட்டு. வீட்டின் விளையாட்டு அல்ல.

பிள்ளை தனியாக இருக்கும் நாளில் அதை ஆட முடியுமா? இல்லையென்றால், கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிற வீட்டில் அது வாரத்தில் ஆறு நாள் பீரோவில் தூங்கும்.

நாலுக்கும் பதில் திருப்தியாக இருந்தால், 58 மார்க் வாங்கிய தொகுப்பும் உங்கள் கூடத்தில் கலகலக்கும். இல்லையென்றால் 97 வாங்கினாலும் பயனில்லை. தெரிந்தவர் வீட்டில் அந்த விளையாட்டு இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு போய் ஆடிப் பார்த்துவிடுவது இன்னும் உத்தமம். அவர்கள் திரும்பி வரும் வழியில் பஸ்ஸிலும் அதைப் பற்றியே பேசிச் சிரித்துக்கொண்டு வந்தால், அடுத்த சம்பளத் தேதிக்குப் பிறகு கடைப்பக்கம் போகலாம்.